டப்பா காரும் எட்டுத் தடைகளும்

கார் என்று பேச்செடுத்தாலே நம் கூட்டங்களில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. "எளிமை வேணும் தோழர். நுகர்வு வெறி நம்ம சனங்களையும் தின்னுக்கிட்டிருக்கு" என்பது ஒன்று. "ஊர்க்காரன் வச்சிருக்கான்ல, நாமளும் புதுசா எறக்கிக் காட்டணும். மாசம் பத்தாயிரம் டியூ, கட்டிட்டுப் போறோம்" என்பது இன்னொன்று. முதல் குரல் கதர்த் துண்டோடு வந்த காலம் போய் இப்போது சிவப்புத் துண்டோடும் வருகிறது. இரண்டாவது குரலுக்குத் துண்டே கிடையாது, கையில் ஷோரூம் கொட்டேஷன் மட்டும் இருக்கும். இரண்டையும் நான் ஏற்கவில்லை. பதினோரு வருசம் விழுப்புரத்தில் ஒரு பட்டறையில் கார்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். சீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத சில சங்கதிகள் அடியில் கிடந்தவனுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

பழைய காருக்கு ஒரு விலை இருக்கிறது, ஒரு மதிப்பு இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. விலையை அடுத்தவனின் ஆசையும் கூச்சமும் தீர்மானிக்கின்றன. அந்த வண்டி இன்னும் எத்தனை வருசம் யார் தயவும் இல்லாமல் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அதற்கு எவ்வளவு தின்னும் என்பதில் இருக்கிறது மதிப்பு. நம் பிள்ளைகள் விலைக்கு மயங்கி மதிப்பைக் கோட்டை விடுகிறார்கள்.

எளிமைக்காரர்களிடம் முதலில் கணக்கை முடித்துக்கொள்வோம்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறெதுவும் புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் நாசமாக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த வருசமே தடைகள் எட்டு பதினொன்றானது.

இந்தப் பட்டியலை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள் தோழர்களே. ஏறக்குறைய எல்லாமே கடைவீதியில் காசு கொடுத்து வாங்குகிற விசயங்கள். நுகர்வு மறுப்பு என்று இன்றைக்குச் சிலர் கருத்தரங்கில் பேசுவது எங்கள் தாத்தாக்களுக்குத் தடியோடு வந்தது. அவர்கள் எளிமையாகத்தான் இருந்தார்கள். எளிமையாக வைக்கப்பட்டிருந்தார்கள்.

1918இல், லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுப் பம்பாய் திரும்பியிருந்த இளைஞர் அம்பேத்கர், பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் நூல் ஒன்றுக்கு ஒரு மதிப்புரை எழுதினார். மாணவத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். பணத்தாசை கெட்டது என்ற பொத்தாம்பொதுவான உபதேசத்தை அவர் அதில் ஏற்கவில்லை. ஒருவன் எதற்காகப் பணத்தை விரும்புகிறான் என்று பார்த்துத்தான் அந்த ஆசையை மெச்சவோ பழிக்கவோ முடியும் என்கிறார். பொருள்களை இழிவாகப் பார்க்கும் தத்துவங்கள் பற்றாக்குறைக் காலத்தில் பிறந்தவை என்றும் சொல்கிறார். 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று எழுதியபோதும் அவர் எந்திரத்தின் பக்கம்தான் நின்றார். எந்திரம் இருந்தால்தான் உழைப்பவனுக்கு ஓய்வு, ஓய்வு இருந்தால்தான் பண்பாடு என்பது அவர் கட்சி. இராட்டைக்காரர்களுக்கு அன்றைக்கும் அது பிடிக்கவில்லை.

நம்மிடம் இருக்கும் பொருள்கள் மீது சாதிக்கு இருக்கும் ஆத்திரத்தைப் புரிந்துகொள்ளப் பெரிய கோட்பாடெல்லாம் தேவையில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் நுழைந்த போலீஸ் டி.வி.யை உடைத்தது, மின்விசிறியை உடைத்தது, தையல் எந்திரத்தை உடைத்தது. வளைகுடாவுக்குப் போய் உழைத்த காசில் நிமிர்ந்த ஊர் அது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துச் சேரிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடிக் கொளுத்தப்பட்டன. பீரோவை உடைத்து நகையை எடுத்தார்கள், வண்டிகளை எரித்தார்கள். பெங்களூரில் கூலி வேலை செய்து சேர்த்த சொத்து. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டிவந்த தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். எங்க முன்னாடி நீ புல்லட் ஓட்டுறதா என்று கேட்டு வெட்டியதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். காலை வெட்டவில்லை, ஹேண்டில்பாரைப் பிடித்த கையை வெட்டினார்கள்.

வண்டி என்பது இதில் தனி ரகம். நகை, துணி எல்லாம் உடம்போடு இருப்பவை. வண்டி பாதையில் ஓடுவது, பாதை ஊருக்குள் போவது. 1901இல் அப்பாவைப் பார்க்க மசூர் ஸ்டேஷனில் இறங்கிய சிறுவன் அம்பேத்கருக்கும் கூட வந்த பிள்ளைகளுக்கும் மாட்டுவண்டி கிடைக்கவில்லை. மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒருத்தனும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி பேசினார்கள். அதற்கும் ஒரு நிபந்தனை: மாட்டைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான். 1929இல் அவர் படித்துப் பட்டம் பெற்று, அரசு கமிட்டி உறுப்பினராகச் சாலிஸ்கானுக்குப் போகிறார். அப்போதும் குதிரைவண்டிக்காரன் அவருக்கு வண்டியோட்ட மாட்டேன் என்கிறான். வண்டியை வாடகைக்குத் தருவானாம், தான் ஓட்டமாட்டானாம். நம் ஆள் ஒருவர், முன்பின் ஓட்டிப் பழக்கமில்லாதவர், மரியாதையைக் காப்பாற்ற லகானைப் பிடித்தார். பாலத்தில் சக்கரம் மாட்டி, அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றுக்குள் போயின.

நம் பக்கத்துக் கதை இதற்குக் குறைந்ததில்லை. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பேரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது, அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று தென்மாவட்டமே பற்றி எரிந்தது. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பேரையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள், சமத்துவம்! அதே வருசம் ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

எனவே, சேரியில் ஒரு கார் நிற்பதைப் பார்த்து நுகர்வுக் கலாச்சாரம் என்று உதட்டைப் பிதுக்கும் அறிவுஜீவி முதலில் நாலு கிலோமீட்டர் எங்களோடு நடந்து வரட்டும். எங்கள் காலனியில் ஒரு ஆம்னி இருக்கிறது. 2009 மாடல். 2016இல் ஏழு குடும்பம் ஆளுக்கு 13,000 போட்டு 91,000 ரூபாய்க்கு வாங்கினோம். ஆர்.சி. ஒருத்தர் பேரில், சாவி தேநீர்க்கடையில், நோட்டு என்னிடம். ராத்திரி வலி எடுத்த பெண்களை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறது. 108 வரும்தான், 2008இலிருந்து வருகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் மழையில் எங்கள் தெருவுக்குள் திரும்பாது. பிள்ளைகளைத் தேர்வுக்குக் கொண்டுபோயிருக்கிறது. இதையெல்லாம்விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லப் போகிறவர்களும், குற்றம் சாட்டப்பட்டவனின் சொந்தக்காரர்களும் ஒரே டவுன்பஸ்ஸில் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? கோர்ட்டு போய்ச் சேருவதற்குள் பாதி சாட்சி பல்டி அடித்துவிடும். சாட்சிக்குப் போக்குவரத்துச் செலவு தரவேண்டும் என்று 1995 விதிகளிலேயே இருக்கிறது. செலவுக்காசு எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதை மாற்றுவதில்லை. ஆம்னி வந்த பிறகு எங்கள் சாட்சிகள் தனியாகப் போனார்கள், சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள், தனியாகவே திரும்பினார்கள்.

இந்த வேலையைப் புரோக்கர் எந்தக் காலத்தில் மதிப்புப் போடுவான்? "ஓல்டு மாடல், ஏசி இல்ல, நாப்பத்தஞ்சு தர்றேன்" என்கிறான் போன மாதம் வந்தவன்.

சரி, அந்த நாற்பத்தைந்தையே வைத்துக் கணக்குப் போடுவோம். வாங்கியது 91,000. ஒன்பது வருசத்தில் இன்ஜின் வேலை, டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், மறுபதிவு எல்லாம் சேர்த்து என் நோட்டில் இருப்பது 1,40,000. விற்றால் வருவது 45,000. நிகரச் செலவு 1,86,000. மாசத்துக்கு 1,722 ரூபாய். ஏழு குடும்பத்துக்குப் பிரித்தால் தலைக்கு 246. பெட்ரோல் போட்டவன் செலவு.

இனி புதுக் காரின் கணக்கு. ஒரு தம்பி ஆறு லட்ச ரூபாய் கடன் வாங்கிக் கார் எடுக்கிறான் என்று வையுங்கள். பத்து சதவீத வட்டி, ஏழு வருசம். மாசம் 9,960 ரூபாய் டியூ. ஏழு வருசத்தில் கட்டுவது எட்டு லட்சத்து முப்பத்தாறாயிரத்துக்கு மேல். இது கார் விலைக்கு மட்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய ஆயுள்வரிப்படி அஞ்சு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், ஆறு லட்சம் என்றால் 78,000 ரூபாய். அது போனது போனதுதான், விற்கும்போது ஒரு பைசா தனியாகத் திரும்பாது. அப்புறம் காரின் மதிப்பு. இதை நான் சொல்லவில்லை, இன்சூரன்ஸ்காரர்களின் தேய்மான அட்டவணையே சொல்கிறது: ஆறு மாசத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருசத்துக்குள் 15, ரெண்டு வருசத்துக்குள் 20, மூணுக்குள் 30, நாலுக்குள் 40, அஞ்சுக்குள் 50. அஞ்சாம் வருச முடிவில் தம்பி கட்டியிருப்பது கிட்டத்தட்ட ஆறு லட்சம். இன்னும் பாக்கி ரெண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் சொச்சம். வாசலில் நிற்கும் வண்டி மூணு லட்சம். இடையில் ரெண்டு மாசம் வேலை போனால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வரும். கொடியங்குளத்தில் போலீஸ் வந்து உடைக்க வேண்டியிருந்தது, நத்தத்தில் தீ வைக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு கையெழுத்தில் முடிந்துவிடுகிறது. நாமே போட்ட கையெழுத்து.

ஏன் இப்படி விழுகிறோம்? கூச்சம்தான். டாட்டா நானோவின் கதையை நினைத்துப் பாருங்கள். 2008இல் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று அறிவித்தார்கள். அதற்காகச் சிங்கூரில் 997 ஏக்கர் நிலத்தை மேற்கு வங்க இடது முன்னணி அரசு பிடுங்கிக் கொடுத்தது. குத்தகை விவசாயிகளும் கூலிகளும் போராடினார்கள், 2008 அக்டோபரில் கம்பெனி வெளியேறியது, 2016இல் அந்த நில எடுப்பே செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. 2009இல் விற்பனைக்கு வந்த கார் 2018இல் உற்பத்தியே நின்றுபோனது. அதில் வேறு குறைகளும் இருந்தன, சில வண்டிகள் தீப்பிடித்தன. ஆனாலும் முக்கியக் காரணம், மலிவான கார் என்று பேர் விழுந்ததுதான். ரத்தன் டாட்டாவே பிற்பாடு இதை ஒப்புக்கொண்டார். ஏழையின் கார் என்று சொன்னால் ஏழை வாங்கமாட்டான், பணக்காரனும் வாங்கமாட்டான். சாதிச் சமூகத்தில் ஒரு பொருள் யார் கையில் இருக்கிறது என்பது பொருளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கூச்சம்தான் ஆம்னியையும் மாருதி 800ஐயும் இன்றைக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளியிருக்கிறது. நமக்கு அது லாபம். அடுத்தவன் கூச்சத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

பழைய கார்ச் சந்தையை வைத்தே ஒரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார். ஜார்ஜ் அகர்லாஃப். மக்கர் பண்ணும் காருக்கு அங்கே எலுமிச்சை என்று பட்டப்பேர். 1970இல் எலுமிச்சைச் சந்தை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. (சிற்றிதழ் தோழர்கள் மனம் தளர வேண்டாம்.) 2001இல் பரிசு வந்தது. அவர் சொன்னது எளிது. விற்பவனுக்கு வண்டியின் குணம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாவற்றையும் ஓட்டை என்றே வைத்துக் குறைத்துக் கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்குத் தரமாட்டான், சந்தையிலிருந்து விலகிவிடுவான். கடைசியில் ஓட்டைகளே மிஞ்சும். அதே கட்டுரையில் சிறுபான்மையினருக்கு வேலை மறுக்கப்படுவதையும், இந்தியாவின் வட்டிக் கடைக்காரர்களையும் அவர் இதே தர்க்கத்தில் வைத்துப் பேசுகிறார். தில்லியில் ஒரு வருசம் இருந்தவர், பிற்பாடு சாதியின் பொருளாதாரம் பற்றியும் எழுதினார். ஆளை விசாரிக்காமல் கும்பலாக விலை போடுவது நமக்குப் புதிதா என்ன? பழைய காரைப் பார்க்கிற பார்வையில் நம்மைப் பார்த்தவர்கள்தானே இண்டர்வியூ போர்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அகர்லாஃப் சொன்னதை நம் பக்கமாகத் திருப்பிப் போட முடியும். குணம் தெரிந்தவனுக்கு அந்தச் சந்தை சொர்க்கம். நல்ல வண்டிக்கும் கெட்ட வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே விலை கேட்கிறார்கள் என்றால், பிரித்தறியத் தெரிந்தவன் நல்லதைக் கெட்டதின் விலைக்கு எடுத்துவிடலாம். இந்தப் பிரித்தறியும் அறிவு எங்கே இருக்கிறது? சென்னைப் புதுப்பேட்டையில் வண்டியைப் பிரித்துப் போடுகிற பையன்களிடம் இருக்கிறது. டிங்கரிங் பட்டறையில் தகரம் தட்டுகிறவர்களிடம், பெயிண்ட் புகையைக் குடிக்கிறவர்களிடம் இருக்கிறது. அந்தப் பையன்களில் முக்கால்வாசிப்பேர் சேரியிலிருந்தும் முஸ்லிம் தெருக்களிலிருந்தும் வந்தவர்கள் என்பது உள்ளே போய்ப் பார்த்த யாருக்கும் தெரியும். இது அறிவு என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லவில்லை. கையில் கிரீஸ் இருப்பதால் தொழில் என்று சொல்லிவிட்டார்கள்.

பட்டறையில் நான் கற்றதில் கொஞ்சம் சொல்கிறேன், காசு கேட்கமாட்டேன். வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள், ராத்திரி முழுக்க நின்று இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். போவதற்குள் விற்பவன் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் அப்போதே சந்தேகப்படுங்கள். சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் போய்விட்டது. நிற்காமல் வெள்ளைப்புகை வந்தால், ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி நுரை இருந்தால், தண்ணியும் ஆயிலும் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட் காலி. கறுப்புப்புகை என்றால் பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் சரி செய்துவிடலாம், பயப்பட வேண்டாம். கிலோமீட்டர் மீட்டரை நம்பவே நம்பாதீர்கள், திருப்பி வைப்பது அஞ்சு நிமிச வேலை. அதற்குப் பதிலாக பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள், ஸ்டீயரிங் வழுவழுப்பைப் பாருங்கள், டிரைவர் சீட்டின் ஓரத்தைப் பாருங்கள். மீட்டர் நாற்பதாயிரம் காட்டி, பெடல் ரப்பர் மொட்டையாக இருந்தால் எது பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. கதவு ரப்பரை உரித்துப் பார்த்தால் உள்ளே வேறு கலர் தெரிகிறதா? அடிபட்ட வண்டி. கால்மிதியைத் தூக்கி அடியில் முகர்ந்து பாருங்கள். சேற்று வாடை, சீட்டுக் கம்பியில் துரு, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடிப்பகுதியில் கறை. இதெல்லாம் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய மாதிரி வண்டிகளின் அடையாளம். பாலிஷ் போட்டு நம் பக்கம் தள்ளிவிடுவார்கள். இன்ஜினுக்குச் செலவு செய்யலாம், கிளட்ச் பிளேட் மாற்றலாம். சேஸிஸ் துருப்பிடித்திருந்தால் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள், திரும்பி வந்துவிடுங்கள். பெயிண்ட், சீட் கவர், டேப் ரெக்கார்டர் இதற்கெல்லாம் விலை ஏற்றிச் சொன்னால் சிரித்துவிட்டுப் பேரத்தைத் தொடருங்கள். அப்புறம் காகிதம். ஆர்.சி.யில் கடன் கொடுத்த கம்பெனி பேர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பணம் கொடுத்த அன்றைக்கே உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பம் போடுங்கள்.

பழைய வண்டிக்குக் கடன் வாங்குவதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ரொம்பப் பழைய வண்டிக்கு வங்கி பெரும்பாலும் தராது. தந்தாலும் சில இடங்களில் சொத்துப் பத்திரம் கேட்கும், நம்மிடம் ஏது பத்திரம்? 1892 ஆணைப்படி நம் பாட்டன்மாருக்குக் கிடைத்த பஞ்சமி நிலங்களில் இன்று யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்த கதை. ஆகவே தனியார் ஃபைனான்ஸ். அங்கே "பன்னெண்டு பர்சென்ட்தான் சார்" என்பார்கள். ஃப்ளாட் ரேட் என்று மெதுவாகச் சொல்வார்கள். ஒன்றரை லட்சம் கடன், மூணு வருசம், வருசத்துக்கு 18,000 வட்டி, மொத்தம் 54,000. மாசத் தவணை 5,667. நீங்கள் மாசாமாசம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் வட்டி மட்டும் முதல் நாள் அசலுக்கே கடைசி வரை ஓடுகிறது. வங்கிக் கணக்கில் போட்டுப் பார்த்தால் உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல். மசூர் ஸ்டேஷனின் இரட்டைக் கூலி 1901இல் முடிந்துவிட்டது என்று யார் சொன்னது? அதனால்தான் நாங்கள் ஏழு குடும்பம் சேர்ந்து ரொக்கமாக வாங்கினோம். ஆறு மாசம் சீட்டுப் போட்டுச் சேர்த்தோம். அந்த ஆறு மாசமும் பஸ்ஸில்தான் போனோம், ஒன்றும் குடி முழுகவில்லை.

அரசாங்கமும் புதுசு வாங்கு என்றுதான் தள்ளுகிறது. மானியக் கடனில் வாடகைக்கார் எடுக்கப் போகும் தம்பிகளிடம் கொட்டேஷன் கேட்கிறார்கள். கொட்டேஷன் ஷோரூமில் கிடைக்கும், புதுப்பேட்டையில் கிடைக்காது. தலித் பேரில் வருகிற மானியம் முதல் வருசத் தேய்மானத்திலேயே கரைந்து கார்க் கம்பெனிக்குப் போய்ச் சேருகிறது. இன்னொரு பக்கம், 15 வருசம் தாண்டிய காருக்கு மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருசம் தாண்டிய காருக்கு 10,000 என்று அறிவித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் புதுக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுசு வாங்குகிறவனுக்குத் தள்ளுபடி, பழசை வைத்து ஓட்டுகிறவனுக்கு அபராதம். அந்தச் செப்டம்பரில் புதுக் கார் விலை இறங்கியதும் பழைய கார்களைக் கேட்ட விலையும் கூடவே இறங்கியது. எங்கள் ஆம்னியின் ஒரு போல்ட்டுகூட அன்று கழன்று விழவில்லை. விலை என்பது வண்டியில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

காற்று மாசு என்பார்கள். நியாயமான கேள்விதான், மழுப்ப மாட்டேன். பழைய வண்டி புதிய வண்டியைவிடக் கூடுதலாகப் புகை விடும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டிக்கும் எங்கள் ஆம்னிக்கும் ஒப்பீடே கிடையாது. காற்றுப்பை இல்லை, மோதினால் முன்பக்கம் நெளிந்துவிடும், அதனால் அறுபதுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று நாங்களே விதி வைத்திருக்கிறோம். ஆனால் வருசத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற ஏழு குடும்பத்து வண்டியையும், ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்கு நாலு கார் நிறுத்தி தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிற பங்களாவையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். புதுக் கார் செய்ய இரும்பு உருக்கும்போது எழும் புகை யார் தெருவில் இறங்குகிறது என்று எண்ணூர்க்காரர்களைக் கேளுங்கள். அனல்மின் நிலையச் சாம்பலோடு வாழ்கிறவர்களுக்கு இதில் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தில்லியில் வண்டிக்கு வயசு பார்த்து, டீசலுக்கு 10 வருசம், பெட்ரோலுக்கு 15 வருசம் என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018இல் உச்சநீதிமன்றமும் நிலைநிறுத்தியது. 2025இல் அதே நீதிமன்றம் பிடியைத் தளர்த்த வேண்டிவந்தது. புகையைச் சோதித்துத் தடை போடு, வயசைப் பார்த்துப் போடாதே. மூன்று வருசம் சரியாகப் பார்க்காத வண்டி, பதினைந்து வருசம் நன்றாகப் பார்த்த வண்டியைவிட மோசமாகப் புகைக்கும். பட்டறையில் தினமும் பார்த்தது.

புதுக் காரே வாங்கக் கூடாது என்று நான் ஃபத்வா போடவில்லை. டாக்சி ஓட்டிப் பிழைக்கிறவனுக்குக் கணக்கு வேறு, அவனுக்கு வண்டி மூலதனம். வருமானம் உள்ள தோழர் ஒருவர் ஆசைக்குப் புதுசு எடுத்தால் முதல் ஆளாக நான் போய் மாலை போடுவேன், அந்த மாலையைப் பார்த்து எரிகிறவர்கள் எரியட்டும். என் சண்டை, மாசம் இருபதாயிரம் சம்பளத்தில் பத்தாயிரம் டியூ கட்டிக்கொண்டு, தங்கச்சி படிப்பை நிறுத்துகிற தம்பியோடு. அவன் கட்டுகிற எட்டு லட்சத்து முப்பத்தாறாயிரத்துச் சொச்சத்தில் எங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் நிலம் வாங்க முடியும். ஊர்க்காரன் நமக்கு விற்கமாட்டான் என்பது வேறு பிரச்சினை, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

வண்டி வாங்க நினைக்கிற தோழர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதழ் முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். விழுப்புரம், கடலூர் பக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமையில் நானே வந்து பார்க்கிறேன். காலை ஆறு மணிக்கு, இன்ஜின் ஆறியிருக்கும்போது. போகவர பெட்ரோல் காசும் ஒரு டீயும் போதும். ஷோரூமுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.